மேற்குச் சுவர் இல்லாத படம்

இருட்டாக இருக்கிறது என்று எங்கள் ஆபீசுக்குப் போன் வந்தபோது பகல் மூன்று மணி. மார்கழி மாதம்தான் என்றாலும் சாத்தூரில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. போனில் பேசியவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. போனை எடுத்தவர் எங்கள் இன்ஜினியர் பால்பாண்டி சார். இருட்டாக இருந்த ஷெட்டைக் கட்டியவர் சுடலைமுத்துக் கொத்தனார். அந்த ஷெட் உள்ளே எப்படி இருக்கும் என்று கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டியவள் நான். தப்பு இந்த நான்கு பேரில் ஒருவருடையது. மறுநாள் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, அது கொத்தனாருடையது என்று முடிவு செய்தோம்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த சாப்ட்வேர் நல்லது, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்பதுதான். அதற்கெல்லாம் என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல யூடியூபில் ஆள் இருக்கிறது. எனக்குச் சொல்லத் தெரிந்தது இந்த ஒரு படத்தின் கதைதான்.

1. பல்பு கிடையாது

வீடுகளுக்கு உள்பக்கப் படம் போடுவதில் எனக்கு விருதுநகர் வரைக்கும் ஓரளவு பெயர் உண்டு. ஹாலில் சோபா, டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளித்து வைத்த எல்இடி பட்டை, பூஜை அறையில் மஞ்சள் வெளிச்சம். அறை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் கேமராவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு லைட்டை வைத்துவிடுவோம். நிஜ வீட்டில் அந்த லைட் கிடையாது. வீடு கட்டி முடித்த பிறகு அந்த லைட் எங்கே என்று கேட்டு ஒருவரும் வந்ததில்லை. டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு பால் காய்ச்சிவிடுவார்கள்.

பட்டாசு ஷெட்டில் இந்த வசதி இல்லை. வெடிமருந்து புழங்குகிற அறைக்குள் கரண்ட் கூடாது. பல்பு, ஃபேன், சுவிட்ச் எதுவும் கிடையாது. கதவு வழியாக வருகிற பகல் வெளிச்சத்தை வைத்துத்தான் வேலை. அண்ணாச்சியின் பழைய ஷெட்டுகளில் மதியத்துக்கு மேல் உள்ளே மங்கிவிடும். உடனே பெண்கள் திரி வைக்கிற தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஒரு ஷெட்டுக்கு நான்கு பேர் என்று பிரித்துப் பிரித்துச் செய்ய வேண்டிய வேலையை மரத்தடியில் இருபது பேர் கூடி உட்கார்ந்து செய்வார்கள். ஒன்று பற்றினால் இருபது பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். இது கூடாது என்று அண்ணாச்சிக்குத் தெரியும், போர்மேனுக்குத் தெரியும், அந்தப் பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் கண் தெரிய வேண்டுமே.

அதற்காகத்தான் அண்ணாச்சி வெளிச்சமான புது ஷெட் எட்டு கட்டுவது என்று இறங்கினார். முதலில் ஒன்றைக் கட்டிப் பார்ப்பது, சரியாக வந்தால் மிச்சம் ஏழையும் கட்டுவது என்று பேச்சு. ஆபீசுக்கு வந்து என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

“காலையில எல்லா ஷெட்டும் வெளிச்சமாத்தாம்மா இருக்கும். மத்தியானம் மூணு மணிக்கு உள்ள எம்புட்டு வெளிச்சம் இருக்கும், அத மட்டும் காட்டுங்க.”

காட்டினேன். மிகுந்த யோக்கியத்தோடு காட்டினேன். மாடலில் இருந்த லைட்டுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் டெலிட் செய்தேன். வடக்கு எது என்று சைட் பிளானைப் பார்த்துத் திருப்பினேன். ஊரின் அட்சரேகை, மாதம், மணி எல்லாம் கொடுத்துச் சூரியனை மூன்று மணிக்கு எங்கே நிற்குமோ அங்கே நிறுத்தினேன். ஷெட் பத்துக்குப் பத்து. கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு, இரண்டும் வெளியே பார்த்துத் திறக்கும். அவ்வளவு சின்ன அறைக்குள் கேமராவை வைத்தால் ஒரு மூலைதான் தெரியும். லென்ஸை அகலமாக்கினால் திரி வைக்கிற ஷெட் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். அதனால் கேமராவை மேற்குக் கதவுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அங்கிருந்து உள்ளே பார்த்தேன்.

படம் அருமையாக வந்தது. மேற்குக் கதவு வழியாக வெயில் நுழைந்து பாதித் தரை வரைக்கும் விழுந்திருந்தது. அண்ணாச்சி அந்த வெயிலைத் தொட்டுப் பார்ப்பவர் போல ஸ்கிரீனில் விரலை வைத்தார். ஒரு லைட்டுகூட வைக்கவில்லை அண்ணாச்சி, முழுக்கச் சூரியன்தான் என்று பெருமையாகச் சொன்னேன். படத்தை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு போனார். ஆலை ஆபீசில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக அதை மாட்டியிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

2. நடுவில் நின்றவர்

போன் வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, சாரும் நானும் சைட்டுக்குப் போனோம். கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்குவதற்காக வைத்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நடந்தோம். புது ஷெட் வாசலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கையில் லேமினேட் செய்த படம். எதிரே கொத்தனார், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்தபடி.

மூன்று மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். குருட்டு இருட்டு இல்லை. ஆள் தெரியும், தட்டு தெரியும். திரியின் நுனி தெரியவில்லை. அந்த ஷெட்டில் வேலை பார்க்கப் போகிற நான்கு பெண்களில் மூத்தவரான செவ்வந்தி அக்காவிடம், ரொம்பக் கஷ்டமாக இருக்குமா என்று சார் கேட்டார்.

“கண்ணு தெரியலேன்னா கை அமுக்கும் சார். அமுக்கக் கூடாத சாமான் இது” என்றார் அந்த அக்கா.

சார் டேப்பை எடுத்து எல்லாவற்றையும் அளந்தார். கதவு உயரம் சரி, அகலம் சரி, தரைமட்டம் சரி, கூரை சரி. கொத்தனார் அரை அங்குலம்கூடப் பிசகவில்லை. அளக்க அளக்க அவர் முகத்தில் தெம்பு வந்தது. அண்ணாச்சிக்கோ கோபம் வந்தது. அளவு தப்பாக இருந்திருந்தால் திருத்திவிடலாம். எல்லாம் சரியாக இருந்து இருட்டாக இருந்தால் என்ன செய்வது?

“படத்துல பளிச்சுன்னு இருக்கு. கட்டுனதுல மங்கலா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறது நீதானலே?”

“பிளான்ல உள்ள அளவுதான் அண்ணாச்சி. சார்தான் அளந்தாகளே.”

“அப்போ வெளிச்சம் எங்கலே போச்சு?”

கொத்தனார் என்னைப் பார்த்தார். சாரும் என்னைப் பார்த்தார். படத்தில் தப்பு இருக்க வழியில்லை, சூரியன் முதற்கொண்டு சரியாக வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னேன். நான் அப்போது பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். உள்பூச்சில் சிமெண்ட் கருத்திருக்கலாம், கொத்தனார் மணலை மாற்றியிருக்கலாம் என்று சாரும் எதையோ சொல்லி வைத்தார். அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது.

நாளையிலிருந்து வர வேண்டாம், மிச்சம் ஏழுக்கும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கொத்தனாரின் செட்டில் பதினோரு பேர். எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள், அவரை நம்பி வந்தவர்கள். ஏழு ஷெட் என்றால் பங்குனி வரைக்கும் வேலை. வேலை போவதைவிடப் பெரிது, இருட்டாகக் கட்டியவர் என்கிற பெயர். இந்தப் பகுதியில் ஓர் ஆலையில் கிடைக்கிற பெயர் சாயங்காலத்துக்குள் அச்சங்குளம் வரைக்கும் போய்விடும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாந்துச் சட்டிகளை எடுக்கச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டார்.

3. மூடியிருந்த கண்

அன்று சாயங்காலமே ஆபீசுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். படம் சரி என்று நிரூபித்துவிட வேண்டும் என்கிற எண்ணம்தான். லேயர் பட்டியலில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். கண் திறந்திருந்தால் அந்தப் பொருள் மாடலில் தெரியும். மூடியிருந்தால் தெரியாது. எல்லாக் கண்ணும் திறந்திருந்தது. ஒன்று மட்டும் மூடியிருந்தது: தடுப்புச் சுவர்.

ஷெட்டின் மேற்குக் கதவுக்கு ஆறடி தள்ளி, கதவைவிட உயரமாக ஒரு கனத்த சுவர் உண்டு. இந்த வரிசையில் ஏதாவது ஒன்று ஆனால் அது அடுத்த வரிசைக்குப் போகாமல் தடுப்பதற்காக. எல்லா ஆலையிலும் இருப்பது என்பதால் சைட்டில் பார்த்தும் யாருக்கும் உறைக்கவில்லை. கேமராவைப் பின்னால் நகர்த்தியபோது அது அந்தச் சுவருக்குள் போய் மாட்டிக்கொண்டு படம் முழுக்கச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. ஒரு நிமிடம் மறைத்து வைத்துக்கொண்டு பிறகு திறக்கலாம் என்று அந்தக் கண்ணை மூடியிருக்கிறேன். பிறகு திறக்கவில்லை. மூன்று மணி வெயில் மேற்கேயிருந்து வரும். வருகிற வழியில் சுவர் இல்லாததால் தாராளமாக உள்ளே வந்து பாதித் தரை வரைக்கும் படுத்துவிட்டது. கேமரா மேற்கேயிருந்து கிழக்கே பார்க்கிறது என்பதால் அந்தச் சுவர் இல்லாதது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாத சுவரை யாரும் தேடவில்லை.

உடனே சாருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கேமராவைச் சுவருக்கு முன்னால் நகர்த்தி, சுவரைத் திறந்து வைத்து மறுபடி ரெண்டர் போட்டுப் பார்த்தேன். தரையில் வெயில் போய்விட்டது, ஆனால் அறை ஓரளவு வெளிச்சமாகத்தான் இருந்தது. அப்படியானால் கொத்தனாரும் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலையில்தான் உறைத்தது. சாப்ட்வேர் கேமராவில் ஆட்டோ எக்ஸ்போஷர் ஆனில் இருந்தது. அறை எவ்வளவு இருண்டிருந்தாலும் அது தானாக ஈடுகட்டிப் பளிச்சென்று காட்டிவிடும். அதை நிறுத்தி, பகல் வெளிச்சத்துக்கு உரிய அளவில் பூட்டிவிட்டு மறுபடி போட்டேன். செவ்வாய்க்கிழமை நான் கண்ணால் பார்த்த அதே மங்கல், அதே தெரியாத மூலை. கொத்தனார் பிளானில் இல்லாத எதையும் கட்டவில்லை. படத்தில் இல்லாதது நான் மறைத்ததுதான்.

அதற்குப் பிறகும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை சார் விருதுநகரில் ஒரு பிளான் அப்ரூவல் விஷயமாக அலைந்தார். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். அவர் பையில் செல்போன் இருந்தது. வியாழக்கிழமை அமாவாசை, நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று நினைத்தேன். அதற்கு முன்பு எந்த அமாவாசையையும் நான் அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை. பயம்தான். இருபது வருடமாகச் சம்பாதித்த பெயர் ஒரு மூடிய கண்ணில் போய்விடும் என்கிற பயம். கொத்தனார் தன் பெயரை எத்தனை வருடமாகச் சம்பாதித்தார் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தால் போன் செய்ய வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை புதுக் கொத்தனார் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். அண்ணாச்சி அனுப்பிய ஆள். பிளான் ஒரு காப்பி வாங்கிக்கொண்டார். பிறகு என் மேஜைக்கு வந்தார்.

“அந்த வெளிச்சப் படம் ஒண்ணு குடுங்கம்மா. அதுல உள்ளபடியே கட்டிரணும்னு அண்ணாச்சி சொல்லியிருக்காக.”

பிரிண்ட் கொடுக்கக் கை போனது. அதே படம், அதே பாதித் தரை வெயில். இவர் ஏழு ஷெட்டைக் கட்டுவார், ஏழும் மங்கலாக இருக்கும், இவரும் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அப்புறம் இன்னொருவர் வந்து என்னிடம் படம் கேட்பார். செவ்வந்தி அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போவார். பிரிண்டரை ஆஃப் செய்துவிட்டு சாரின் அறைக்குள் போனேன்.

4. வெயிலுக்கு இரண்டும் ஒன்று

சார் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு, அண்ணாச்சியிடம் நானே சொல்லிவிடவா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். அப்படியானால் சுடலைமுத்துவும் அங்கே இருக்கட்டும் என்று சொல்லிப் போன் போட்டார். அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை.

ஆலை ஆபீசில் அந்த லேமினேட் படத்துக்குக் கீழேதான் உட்கார வைத்தார்கள். லேப்டாப்பைத் திறந்து சுவரை மறைத்தும் காட்டியும் விளக்கினேன். அண்ணாச்சி பொறுமையாகப் பார்த்தார்.

“அப்போ கம்ப்யூட்டர்ல செவுத்த இடிச்சிட்டீக.”

“இடிக்கல அண்ணாச்சி. மறச்சு வச்சேன்.”

“வெயிலுக்கு ரெண்டும் ஒண்ணுதானம்மா.”

இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலைப் பற்றி நான் கேட்ட வார்த்தைகளிலேயே சரியான வார்த்தை அது. சொன்னவருக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது.

கொத்தனார் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தப்பு என்னுடையது, உங்கள் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்:

“ஒங்களுக்கு என்னைக்கும்மா தெரிஞ்சுச்சு?”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றேன்.

“இன்னைக்கு வெள்ளி.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன், எனக்கு லேசாகியிருக்கும். அவர் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. வெட்கத்தில் எனக்கு லேப்டாப்பை மூடக்கூடக் கை வரவில்லை.

அண்ணாச்சி எழுந்து போய் லேமினேட் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். ஆணி மட்டும் நின்றது. “நீயே கட்டுலே” என்று கொத்தனாரிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கொத்தனாரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. ஆட்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லி வெளியே போனார்.

5. பல்லி தெரிகிற படம்

தடுப்புச் சுவரைத் தொட முடியாது. அது உயிருக்கான சுவர், வெளிச்சத்துக்காக அதில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அப்படியானால் வெளிச்சத்துக்கு வேறு வழி வேண்டும். புது ஷெட்டை ஒரு நாள் காலியாக வைத்து, செவ்வந்தி அக்காவோடு என்னையும் உள்ளே உட்கார வைத்தார் அண்ணாச்சி. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நான்கு வரை. அக்கா மருந்தில்லாத வெறும் காகிதக் குழாயும் நூலும் வைத்துக்கொண்டார். நூல் நுனி எத்தனை மணி வரை தெரிகிறது என்று நான் நோட்டில் எழுதினேன். ஒன்றே முக்காலுக்கு அக்கா கண்ணைச் சுருக்கினார். இரண்டேகாலுக்கு நூலைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் அதே அறையை வெவ்வேறு எக்ஸ்போஷரில் ஆறு பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். மூன்று மணிக்கு உங்கள் அறை இதில் எது மாதிரி இருந்தது என்று அக்காவிடம் கேட்டேன். முதல் பிரிண்ட்டைத் தள்ளிவிட்டார்.

“இது இல்ல. இதுல மூலையில பல்லி இருந்தாக்கூடத் தெரியும். அங்கன தெரியாது.”

நான்காவது பிரிண்ட்டை எடுத்து, இதுதான் என்றார். அந்த எக்ஸ்போஷர் எண்ணைப் பூட்டினேன். அதற்குப் பிறகு அந்த வேலையில் எந்த மாற்றத்தையும் அந்த எண்ணில்தான் போட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தை அளக்கிற லட்ச ரூபாய்க் கருவி செய்கிற வேலையை அந்த அக்கா ஒரு பல்லியை வைத்து முடித்தார்.

வழி சொன்னது கொத்தனார்தான். மேற்கையும் கிழக்கையும் விட்டுவிடுங்கள், வடக்கே ஒரு சன்னல் வையுங்கள், வெயில் வராது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி வரும் என்றார். தடுப்புச் சுவரின் உள்பக்கத்துக்கும் ஷெட்டுக்கும் வெள்ளை அடித்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்றார். இதையெல்லாம் அவர் சாரைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. மாடலில் வைத்துப் பார்த்தேன், எல்லாக் கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு. மூன்று மணிக்கு மூலை தெரிந்தது. திருத்திய பிளானுக்கு அனுமதி வாங்க நாளானது; அதுவரை கட்டுகிற வேலை நின்றது, கொத்தனார் ஆட்களுக்கு வெள்ளையடிக்கிற வேலை நடந்தது. பிறகு கட்டிய ஷெட்டில் வடக்குச் சுவரை உடைத்துச் சன்னல் வைத்தார்கள், மிச்சம் ஏழும் வடக்குச் சன்னலோடு எழுந்தன. செவ்வந்தி அக்கா மூன்றரை வரைக்கும் உள்ளேயே இருக்கிறார் என்று சார் சொன்னார். மரத்தடி காலியாகிவிட்டது.

6. எண்ணிப் பார்த்தவர்

இது நடந்து சில வருடம் ஆகிவிட்டது. சார் ஓய்வுக்குப் போய்விட்டார், ஆபீசை நான் பார்க்கிறேன். போன வருடம் சுடலைமுத்துக் கொத்தனார் ஆபீசுக்கு வந்தார். சொந்த வீடு கட்டுகிறாராம். ஊருக்கெல்லாம் கட்டியவர், தனக்கு இப்போதுதான். மகள் சொல்லியிருக்கிறாள், உள்ளே எப்படி இருக்கும் என்று படம் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டு என்று. சாத்தூரில் இந்த வேலை செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டீ வாங்கி வரச் சொன்னேன்.

நான்கு நாளில் படம் தயார். ஹால், அடுப்படி, மகளுக்கு ஓர் அறை. சன்னல் வழியாகக் காலை வெயில். ஒளித்து வைத்த லைட் ஒன்றும் இல்லை. ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். அவர் வெயிலைப் பார்க்கவில்லை.

“இதுல எல்லாச் செவுரும் இருக்காம்மா?”

இருக்கிறது என்றேன். அவர் நாற்காலியை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் லேயர் பட்டியலைத் திறந்து, வரிசையாகத் திறந்திருந்த கண்களைக் காட்டினேன். பிறகு மாடலை மேலிருந்து திருப்பி, வீட்டைச் சுற்றிக் காட்டினேன். அவர் விரலை ஸ்கிரீனில் வைத்து ஒவ்வொரு சுவராக எண்ணினார். காம்பவுண்டுச் சுவரையும் பக்கத்து வீட்டுக்காரர் சுவரையும்கூட விடவில்லை. எண்ணி முடித்தார். முதலிலிருந்து மறுபடியும் எண்ணினார்.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அதுதான். இப்போது யாருக்குப் படம் கொடுத்தாலும், அவர்கள் எண்ணுவதற்கு முன்னால் நான் எண்ணிவிடுகிறேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை எண்ணும்போது, செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே எத்தனை நாள் என்பதும் சேர்ந்து நினைவுக்கு வந்துவிடுகிறது.